சகாதேவன் மாத்திரைக்குப் பாடு வகுத்த காதை

வாழ்க சகாதேவன்! முகத்துவாரத்து நீரோட்டத்தைத் தன் முழங்காலால் அளந்தறிந்தவன், மடவை மீன் திரும்புமுன்னே அது திரும்பப்போகும் திசையை உணர்ந்தவன், ஆண்டாண்டாய் உப்புக்காற்று உண்டும் துருப்பிடிக்காத மார்பினன், பசியாவரம் என்னும் ஏரித்தீவின் வலைஞர் பதினாறு திசையிலும் ஒரே நேரத்தில் பேசினாலும் அவர்கள் அனைவரையும் விட உரக்கப் பேச வல்ல குரலினன், தன் அறிவில் தனக்கு ஒருபோதும் ஐயம் தோன்றியிராத பெருந்தகை, வாழ்க! பூநாரைகளே, ஒற்றைக்காலில் நின்று செவிமடுங்கள். நண்டுகளே, வளையை விட்டு வெளியே வாருங்கள். ஓர் ஊறுகாய் டப்பாவின் பொருட்டு நிகழ்ந்த பெரும்போர் இங்கே உரைக்கப்படுகிறது.

போரைச் சொல்லுமுன் போர்க்களத்தின் நீதியைச் சொல்லவேண்டும். பழவேற்காட்டு ஏரியில் மீன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வாழ்வதில்லை. அது முகத்துவாரத்தை ஒட்டிய ஆழத்தை விரும்பும். மனிதரும் அதையே விரும்புவர். ஆகவே இன்று இவ்வீட்டார், நாளை அவ்வீட்டார் என்று முறைவைத்து வலை கட்டுவது அவ்வூர் வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டுக்குரியவன் தானே படகில் இருக்கவேண்டும். அவன் வராவிட்டால் அன்றைய பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். புயல் வந்து பாடு கெட்டால் ஈடாக இன்னொன்று கிடைக்கும். இந்த நீதியைக் காப்பதில் சகாதேவனுக்கு நிகர் சகாதேவனே. பாடு தாண்டி வலை விட்டவன் அவனது பேச்சைக் கேட்பதைக் காட்டிலும் அபராதம் கட்டுவதையே விரும்பினான்.

இத்தகைய வீரனைத்தான் அழுத்தம் என்னும் பகைவன் தாக்கினான். அவன் வாளோடு வரவில்லை, வலியோடும் வரவில்லை. வீரனின் குருதிக்குள் ஓசையின்றிக் குடியேறி அமர்ந்துகொண்டான். அக்கரையிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில், கைப்பட்டையின் வழியே அவனது இருப்பைக் கண்டுபிடித்த டாக்டர் சுதா, மாத்திரைகளைக் கொடுத்துத் தீர்ப்பும் உரைத்தார்.

"தினமும் ஒண்ணு. காலையில சாப்பிட்டதும் போடணும். அடுத்த தடவை வரும்போது பிரஷர் இறங்கியிருந்தா ஏரிக்குப் போங்க. இறங்கலைன்னா படகுல ஏறக் கூடாது. நடுத்தண்ணியில தலை சுத்தினா யாரு பிடிக்கிறது?"

சகாதேவன் விரல்விட்டு நாட்களை எண்ணினான். ஏனெனில், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய நாளுக்கு மறுநாள்தான் முகத்துவாரத்தில் அவனுடைய பாடு. அதுவும் மடவை கூட்டமாய் ஏறும் பருவத்துப் பாடு. அன்று அவன் படகில் இருந்தாக வேண்டும். படகில் இருக்க அழுத்தம் இறங்கியாக வேண்டும். அவ்வளவுதான் அவன் உலகம்.

வழி மிக எளிது என்று பாமரர் எண்ணுவர். நாள்தோறும் ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கவேண்டும். ஆனால் எளிய வழியில் நடப்பவனுக்குக் காவியம் எதற்கு?

இடையூறு மைத்துனன் வடிவில் வந்தது. சகாதேவனின் மனைவி ரங்கம்மாளுக்கு முரளி என்றொரு தம்பி உண்டு. அவனையும் அதே அழுத்தம் பிடித்திருந்தது. ஒரே நாளில் மூவரும் ஆஸ்பத்திரி சென்று, சகாதேவனும் முரளியும் அழுத்தத்திற்கும், ரங்கம்மாள் சர்க்கரைக்கும் மாத்திரை பெற்றுத் திரும்பினர். மறுநாளே முரளி நண்டு வலையை இழுக்கக் குனிந்தபோது அவனது சட்டைப்பையிலிருந்த மாத்திரைகள் அனைத்தும் ஏரியில் விழுந்து மூழ்கின. அன்றுமுதல் அப்பகுதி நண்டுகளின் இரத்த அழுத்தம் சீராக இருப்பதாகக் கருத இடமுண்டு.

"போயி சொல்லி வேற வாங்கினு வாயேன்டா," என்றாள் ரங்கம்மாள்.

"திட்டுவாங்கக்கா."

"திட்டுனா காதுல ஓட்டையா பூடும்?"

"அந்த டாக்டரம்மா எல்லார் எதிர்லயும் திட்டும்கா. போன தபா ஒரு ஆளு அழுதுட்டான்."

புயலில் பாய்மரம் பற்றிய கரங்கள், சுறாவின் வாலைப் பிடித்திழுத்த கரங்கள், அவ்விரண்டையும் பிசைந்துகொண்டு முரளி வாசலில் நின்றான். அந்தக் காட்சி சகாதேவனின் நீதியுள்ளத்தைத் தைத்தது. தன் மைத்துனன் மருந்தின்றி இருக்க, தான் மட்டும் நாள்தோறும் உண்பதா? ஒரு குடி தினமும் ஆழத்தில் வலை கட்ட, மறு குடி கரையில் நின்று பார்ப்பதா? அவன் எழுந்தான். மார்பு விம்மிற்று. மூவுலகும் கேட்க அவன் முழங்கிய பிரகடனமாவது: பெறற்கரிய செல்வம் எதுவாயினும் அது ஒருவர்க்கே உரியதன்று, ஏரி எங்ஙனம் பகுக்கப்பட்டதோ அங்ஙனமே மாத்திரையும் பகுக்கப்படுக, முறை பிறழாது ஒழுகுக!

அவன் வாயிலிருந்து வந்த சொற்கள் இவ்வளவே: "இன்னிக்கி நானு, நாளிக்கி நீ, அதுக்கடுத்து உங்கக்கா. பாடு வெச்சிக்கலாம்."

"யோவ், எனக்கு சுகரு. உனக்கு பிரஷரு. ரெண்டும் ஒண்ணா?" என்றாள் ரங்கம்மாள்.

"ரெண்டும் ஒரே ஜன்னல்லதான குடுத்தாங்க?"

"அதே ஜன்னல்லதான் பேனு மருந்தும் குடுக்கறாங்க. அதையும் வாங்கியாந்து கலக்கிக்கோ."

பெரும் சீர்திருத்தங்கள் யாவும் முதலில் ஏளனத்தையே சந்திக்கும் என்பதை அறிந்த சகாதேவன் அதைப் பொருட்படுத்தவில்லை. தன் அட்டைகளையும் அவள் அட்டைகளையும் மடியில் குவித்துக்கொண்டு, இறால் உரிக்கும் லாவகத்தோடு ஒவ்வொரு மாத்திரையாய் உரித்தெடுத்தான். பெயரும் தேதியும் அச்சிட்ட அட்டைகள் குப்பைக்குப் போயின. அவற்றின் உள்ளிருந்த செல்வம், முன்னாளில் மாங்காய் ஊறுகாயைத் தாங்கி, பலமுறை கழுவப்பட்டும் தன் பழம்பெருமையின் மணத்தைக் கைவிடாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குடியேறிற்று. சர்க்கரை மாத்திரைகள் பெரியவை. அழுத்த மாத்திரைகள் சிறியவை. பாட்டுக்காரர் தம் நாளில் பெரியதில் ஒன்று, சிறியதில் ஒன்று எடுக்கவேண்டும் என்பது சட்டம். ஆழத்துக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. இதைவிட நேர்மையான பங்கீடு ஏழு கடலுக்கும் இப்பால் இல்லை.

"நடுவுல ரெண்டு நாளு சும்மா இருந்தா ஒண்ணும் ஆவாதா மாமா?" என்று முரளி ஐயுற்றான்.

"டேய், ஒரே எடத்துல தினம் வலை உட்டா மீனு நிக்குமா? ரெண்டு நாளு உட்டாத்தான் சேரும். மருந்தும் அப்பிடித்தான். உடம்புல சேரட்டும்."

மருத்துவ உலகம் இத்தனை காலம் காணத் தவறிய இந்த உண்மையைக் கேட்டு முரளி தலையசைத்தான். ரங்கம்மாள் அரிவாள்மனையில் ஒரு மீனின் தலையை, வேண்டியதைவிடச் சற்று வேகமாகவே, வெட்டினாள்.

இவ்வாறு நீதி தழைத்தது. நாட்கள் உருண்டன. தன் பாட்டு நாளில் சகாதேவன் இரு மாத்திரைகளையும் உள்ளங்கையில் ஏந்தி, கிழக்கு நோக்கி நின்று, வேள்வித்தீயில் அவி சொரிபவன்போல் வாய்க்குள் எறிந்தான். நண்பகலில் அவன் கை சற்று நடுங்கியது. வயிறு வழக்கத்திற்கு மாறாய்ப் பசித்தது. மற்ற இரு நாட்களிலும் பிடரி கனத்தது. மருந்துக்கும் நோய்க்கும் தன் உடலினுள் நடக்கும் பெரும்போரின் முரசொலி இது என்று அவன் விளங்கிக்கொண்டான். அவன் உடல்; அவன் விளக்கம்; கேட்பதற்கு யாருக்கு உரிமை?

அப்போதுதான் டப்பாவில் துரோகம் தலைகாட்டிற்று.

ஒரு பாட்டு நாளில் மூடியைத் திறந்த சகாதேவன் திடுக்கிட்டான். சிறிய மாத்திரைகள் இருக்கவேண்டிய அளவில் இருந்தன. பெரியவை மட்டும், வற்றும் காலத்து ஏரிபோல் அடி தெரியக் குறைந்திருந்தன. அவன் மீண்டும் பார்த்தான். டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தான். மூடியின் உட்புறத்தைப் பார்த்தான். ஐயமில்லை. யாரோ பாடு தாண்டி வலை விட்டிருக்கிறார்கள்! தன் வாழ்நாளெல்லாம் எந்தக் குற்றத்தை ஏரியிலிருந்து விரட்டினானோ, அக்குற்றம் அவன் அடுக்களைப் பரணில் ஏறி அமர்ந்திருந்தது.

யார் அந்தக் கள்வன்? மனைவியை ஐயுறவில்லை, அவள்தான் தன் பாட்டு நாளில்கூட டப்பாவின் பக்கம் திரும்புவதில்லையே. எஞ்சியவன் ஒருவன். சகாதேவன் பரணிலிருந்து இறங்கினான். மலையிலிருந்து சிங்கம் இறங்குவதுபோல் என்று சொல்லலாம். ஆனால் சிங்கத்துக்கு முக்காலி தேவைப்படாது. இறங்கினான், நடந்தான், படகுத்துறையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த மைத்துனன்முன் நின்றான். வலையின் மறுபக்கத்தில் ரங்கம்மாள் அமர்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடா, பாடு தாண்டி எடுத்துக்கினியா?"

"எதை மாமா?"

"டப்பால பெருசு கொறையுது."

"எங்கம்மா மேல ஆணையா எனக்குத் தெரியாது. அந்தப் பெருசப் போட்ட அன்னிக்கெல்லாம் எனக்கு கை ஒதறுது மாமா. அதப்போயி நான் திருடுவனா?"

"கை ஒதறுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். அந்த ருசி கண்டுக்கினு எடுத்துக்கீற."

"அக்கா, நீயாவது சொல்லுக்கா!"

ரங்கம்மாள் மீனின் செதிலைச் சுரண்டினாள். "உங்க பாடு, உங்க பஞ்சாயத்து. என்னை ஏன்டா இழுக்கற?" என்றாள், தலை நிமிராமல்.

சாட்சிகள் இல்லை, சான்றுகள் இல்லை. ஆகவே தீர்ப்பு விரைவாகவே கிடைத்தது. முரளியின் பாடு பறிக்கப்பட்டது. முரளி வலையூசியை எறிந்துவிட்டு எழுந்தான். "இனிமே உன் மூஞ்சில முழிச்சா நான் எங்க நைனாவுக்குப் பொறக்கல," என்று சூளுரைத்தான். பகை மூண்டது. அன்றுமுதல் ஒரே படகில் ஒருவன் முன்பக்க அணியத்திலும் மற்றவன் பின்பக்கத்திலும் முதுகுகாட்டி அமர்ந்து, இடையிலிருந்த நண்டுகளின் வழியாகவே பேசிக்கொண்டனர். முரளி மருந்தே இல்லாமல் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் திட்டுவார்கள். மாமாவிடம் போனால் மானம் போகும். இரண்டுக்கும் நடுவே உயிர் போவதை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

சகாதேவனோ டப்பாவை நைலான் கயிற்றால் கட்டி, திமிங்கலமே அறுக்கமுடியாத முடிச்சொன்றைப் போட்டு வைத்தான். அதையும் மீறிப் பெரியவை குறைந்தன. முடிச்சு மட்டும் ஒவ்வொரு நாளும் போட்டது போட்டபடியே இருந்தது. அவ்வூரில் அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அவன் வீட்டிலேயே உறங்குகிறார்கள் என்றெல்லாம் ஆராய அவனுக்கு நேரமில்லை. பெரியது குறைந்திருக்கக் கண்ட பாட்டு நாட்களில், கணக்கு தீராமல் உண்பது முறையன்று என்று இரண்டையும் தொடாமல் விட்டான்.

மருத்துவப் பரிசோதனை நாள் விடிந்தது. இரத்தம் எடுக்க வேண்டியிருப்பதால் வெறும் வயிற்றோடு வரும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ரங்கம்மாள் படகில் இடம்பிடிக்க முன்னே சென்றுவிட்டாள். சகாதேவன் தனித்து நின்றான். அழுத்தம் இறங்கவில்லை என்று பிடரியின் பாரம் அவனுக்கு அறிவித்தது. நாளை முகத்துவாரம். நாளை மடவை. இன்று இறங்காவிட்டால் எல்லாம் போயிற்று.

அவன் டப்பாவைத் திறந்தான். அப்பொழுது அவன் நெற்றியில் ஓர் ஒளி உதித்தது. ஐயோ, அந்த ஒளி! வழக்கம் என்ன சொல்கிறது? கெட்டுப்போன பாட்டுக்கு ஈடு உண்டு. துரோகத்தால் தனக்குக் கெட்டுப்போன பாடுகள் எத்தனை! அத்தனைக்கும் ஈடு வாங்கும் உரிமை தனக்கு உண்டல்லவா? அவன் சிறியவற்றில் ஒரு பிடி அள்ளினான். அடியில் எஞ்சிய பெரியவற்றையும் சேர்த்தான். உள்ளங்கையில் திரண்ட அந்தச் சேனையை நோக்கி, இன்றோடு பகை முடிந்தது என்று முழங்கி, ஒரு சொம்பு நீரோடு உள்ளே அனுப்பினான். கெட்ட பாடுகள் யாவும் ஒரே விழுங்கில் ஈடாயின. வயிற்றில் அவற்றைத் தடுத்து நிறுத்த ஒரு பருக்கைச் சோறும் இல்லை.

படகு பாதி ஏரியைக் கடந்தபோது அவனது நெற்றியில் வியர்வை அரும்பிற்று. பிறகு வழிந்தது. கைகள் நடுங்கின. ஏரி அசையாதிருந்தது, படகும் மெல்லவே சென்றது, அவன் பார்வை மட்டும் பெருங்கடலில் தத்தளித்தது. நண்டுக்கூடையோடு அக்கரைச் சந்தைக்குக் கிளம்பி, எதிர்முனையில் முதுகுகாட்டியிருந்த முரளி தற்செயலாய்த் திரும்பினான். தன் சூளுரையை மறந்தான்.

"மாமா, இன்னா இப்பிடி வேத்துக் கொட்டுது?"

"இறங்குதுடா," என்றான் வீரன், புன்னகையோடு. "உன் வேலயப் பாரு."

ஆஸ்பத்திரியில் ரோஸ்மேரி சிஸ்டர் அவனது புயத்தில் பட்டையைச் சுற்றினார். சீறிப் புடைத்தது அப்பட்டை, அரவம்போல் இறுக்கிற்று, பின் பெருமூச்செறிந்து தளர்ந்தது. கருவியின் முகத்தில் எண்கள் இறங்கின, இறங்கின, நிற்காமல் இறங்கின. சிஸ்டர் கருவியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். மீண்டும் சுற்றினார்.

"ஐயா, என்ன இவ்ளோ கம்மியா காட்டுது? உங்களுக்கு ஏறித்தானே இருக்கும்?"

கம்மி! அச்சொல் அவன் செவியில் வெற்றிச்சங்காய் ஒலித்தது. வரிசையிலிருந்த அனைவரும் பார்க்க, சகாதேவன் எழுந்தான். நடுங்கும் வலக்கரத்தை வான்நோக்கி உயர்த்தினான்.

"இறங்கிடுச்சி பாத்துக்கோ! எழுது சிஸ்டர், ஏரிக்குப் போலாம்னு எழுது! நாளிக்கி என் பாடு!"

எழுந்த வேகத்திலேயே, அடிவெட்டிய பனைபோல் சாய்ந்தான். தரையில் விழவில்லை. சந்தைக்குப் போகாமல் பின்னாலேயே வந்து நின்ற, திருடன் என்று பட்டம் பெற்றவனின் கைகளில் விழுந்தான்.

அதன்பின் நடந்ததில் காவியச் சுவை குறைவு. விரல்நுனியில் ஊசி குத்தினார்கள். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. காலைத் தூக்கிவைத்துப் படுக்கவைத்தார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. சகாதேவனின் உதடுகள் வெளுத்திருந்தன. முரளி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, மாமா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ரங்கம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தபடி நின்றாள். சிறிது நேரம் அந்த அறையில் யாரும் எதையும் ஏளனம் செய்யவில்லை.

அவன் கண் திறந்த பிறகே டாக்டர் சுதா கேட்டார். "என்ன மாத்திரை போட்டாரு? எத்தனை போட்டாரு?"

எடுத்துவரும்படி வீட்டுக்கு அனுப்பப்பட்ட முரளி, அடுத்த படகிலேயே டப்பாவோடு திரும்பினான். டாக்டர் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். "இது என்ன, மாங்கா வாசனை?"

ரங்கம்மாள் பாட்டின் கதை முழுவதையும் சொன்னாள். டாக்டர் சுதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப சுகர் இல்லாத ரெண்டு பேரும் சுகர் மாத்திரை போட்டீங்க. சுகர் இருக்கிற அம்மாவுக்கு மூணு நாளைக்கு ஒண்ணுதான் பங்கு. ஆனா இன்னைக்கு எடுத்த ரத்தத்துல இவங்க சுகர் மட்டும் நல்லா கட்டுப்பாட்டுல இருக்கே, எப்படி?"

ரங்கம்மாள் கால் பெருவிரலால் தரையைத் தேய்த்தாள்.

"பெருச நான்தான் எடுத்தேன் டாக்டரம்மா. அது என்னுது. நீங்க சொன்னாப்பல தினம் சாப்ட்டுட்டுப் போட்டேன். அவரு சிறுசத் தொடவே இல்ல நானு."

முரளி துள்ளினான். "அக்கா! என்னத் திருடன்னு சொன்னப்போ நீ அங்கதான மீனு அரிஞ்சினு இருந்த?"

"வாயத் தொறந்தா டப்பாவ வேற எங்கனா ஒளிச்சி வெச்சிடுவாருடா. மாமனும் மச்சானும் பேசலன்னா சாவ மாட்டீங்க. மாத்திர இல்லன்னா நான் செத்துடுவேன்."

"இவ்ளோ தெரிஞ்சவங்க, இவங்க ரெண்டு பேரும் பண்றதை எங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார் டாக்டர்.

ரங்கம்மாள் படுக்கையைப் பார்த்தாள்.

டாக்டர் முரளியின் பக்கம் திரும்பினார். "தண்ணியில விழுந்துச்சுன்னா அன்னைக்கே வரவேண்டியதுதானே?"

"திட்டுவீங்கன்னு..."

"திட்டுவேன். ஆனா மாத்திரை குடுப்பேன். ஒருத்தர் மாத்திரை இன்னொருத்தருக்கு இல்லை. ஒரு நாள் விட்டா அடுத்த நாள் சேர்த்துப் போடறதும் இல்லை. சந்தேகம்னா கேளுங்க. அட்டையிலிருந்து உரிச்சு வைக்காதீங்க. அந்தப் பட்டையை எடுங்க சிஸ்டர், இவருக்கும் பார்ப்போம்."

பார்த்தார்கள். மாமனின் அழுத்தம் தரையில் கிடக்க, மைத்துனனின் அழுத்தம் கலங்கரை விளக்கின் உச்சியில் நின்றது. பக்கத்துக் கட்டில் அவனுக்கு அளிக்கப்பட்டது.

"நாளிக்கி என் பாடு," என்றான் சகாதேவன், கூரையைப் பார்த்து.

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் இங்கதான்."

வழக்கம் பிழைபடவில்லை. அவன் வாழ்நாளெல்லாம் காத்த நீதி அவனையும் விட்டுவைக்கவில்லை. படகில் அவன் இல்லை. பாடு அடுத்த வீட்டுக் குப்பம்மாளின் மகனுக்குப் போயிற்று. மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்கு வந்த குப்பம்மாள், நலம் விசாரிக்குமுன்பே, மடவை எப்படி வலையைக் கிழிக்குமளவுக்கு ஏறியது என்பதை இரு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவ்வளவு பெரிய மீனை அவள் கைகள் அதுவரை காட்டியதில்லை. சகாதேவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு அவன் போர்வையை இழுத்துவிட்டது.

வீடு திரும்பி, மருந்தை மறுபடி தொடங்கும்படி டாக்டர் குறித்த காலை புலர்ந்தது. கீழ்வானில் செங்கதிர்ச் செல்வன் எழுந்தான். பூநாரைக் கூட்டம் வெண்கொற்றக்குடையென வானில் விரிந்தது. ஏரி தன் அலைகளை அடக்கிற்று. எண்திசைக் காவலரும், தோற்றும் தளராத அம்மாவீரன் இனி என்ன புதுச் சட்டம் இயற்றுவானோ, எந்தப் புதுநீதி பிறக்குமோ என்று மூச்சடக்கிக் காத்திருக்க, சகாதேவன் தன் திரண்ட தோள்களை நிமிர்த்தி, நெடிய கரத்தை நீட்டி, ரங்கம்மாளின் முன்னே கம்பீரமாய் அமர்ந்தான்.

சகாதேவன் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார்.